தலைவருக்கு வெட்டிய கிணறு

1

இந்தக் கதை என் தலையில் தானாக உதித்ததல்ல. வவுனியாவில் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆண்டுமலர் போடுகிறது. அதன் செயலாளர் என்னைச் சந்தை வாசலில் பிடித்துக்கொண்டார். 'தலைவர்கள் மக்களிடமிருந்து தனித்திருக்கலாகாது' என்ற பொருளில் இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். ஏன் இந்தப் பொருள் என்று கேட்டேன். தங்கள் தலைவர் வெகுநாளாகக் கூட்டத்துக்கு வருவதில்லை, நேரே சொன்னால் கோபிப்பார், மலரில் வந்தால் வாசித்துத் தெரிந்துகொள்வார் என்றார். அவர் மலரை வாசிப்பவரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த வேலை எனக்குக் கிடைத்திராது.

கட்டுரை இப்படித் தொடங்கியது:

'தலைவன் என்பவன் ஒரு மரத்தின் உச்சிக் கிளை. வேரை மறந்த கிளை—'

வெட்டிவிட்டேன். அடுத்தது:

'ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவ்வாறே தலைவர்களும்—'

இதையும் வெட்டிவிட்டேன். யானை சறுக்கியதற்கும் சங்கத் தலைவர் கூட்டத்துக்கு வராததற்கும் என்ன உறவு என்று எனக்கே விளங்கவில்லை. கட்டுரை வராதவனுக்குக் கதைதான் கதி. ஆகவே ஒரு தலைவரை உண்டாக்கினேன். அவருக்கு ஆள ஏதாவது வேண்டுமே என்று ஒரு குளத்தையும் உண்டாக்கினேன்.

2

வன்னியில், துணுக்காய்ப் பக்கம் முதிரையடிக்குளம். வரைபடத்தில் தேட வேண்டாம், நான் வெட்டிய குளம் அது. அதன் கீழே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அரசாங்கம் கொடுத்த காணியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு முன்னிருந்தே அங்கே வயல் உழுது கமம் செய்த முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. காலம் அறுபதுகளின் தொடக்கம். விவசாயக் குழுக்கள் வந்து, கமக்காரர் தங்களுக்குள்ளேயே ஒரு தலைவரைத் தெரிவுசெய்யத் தொடங்கியிருந்த நேரம்.

தெரிவானவர் ஏரம்பு. முதலில் அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். 'ஏரம்பு தலைக்கனம் பிடித்த—' என்று தொடங்கிய வாக்கியம் அதற்கு மேல் நகர மறுத்தது. தலைக்கனம் பிடித்தவன் தனித்துப்போனால் ஊருக்கு நிம்மதி. அதில் கதை எங்கே இருக்கிறது? ஆகவே ஏரம்பு நல்லவர். வயலுக்குள் யானை இறங்கினால் முதலில் ஓடுகிறவர் அவர். அடுத்தவன் வீட்டில் காய்ச்சல் என்றால் தன் வண்டிலைப் பூட்டுகிறவர். வாயும் நல்ல வாய், அதிர்ந்து பேசமாட்டார்.

அவர் தலைவராக இருந்த இடம் மேசை போட்ட கந்தோர் அல்ல, துருசடி. குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடுகிற மடையைத் துருசு என்பார்கள். அதற்குச் சற்றுக் கீழே, வாய்க்கால் அகன்று கல் போட்டிருக்கும் இடத்தில்தான் ஆண்கள் எல்லாரும் விடியலில் குளிப்பார்கள். சற்றுத் தள்ளி வளைவுக்கு அப்பால் பெண்கள். ஏரம்பு இடுப்பளவு தண்ணீரில் நின்று முதுகுக்குச் சவுக்காரம் போடுவார். யாருடைய மாடு யாருடைய வரப்பை உழக்கியது, யார் முறை மாறித் தண்ணீர் திருப்பினார்கள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவர் காதுக்கு வந்து சேரும். வழக்குகளும் அங்கேயே தீரும். தலையில் நுரையோடு நிற்கிறவன் எவ்வளவு நேரத்துக்கு வீறாப்புக் கதைக்க முடியும்? அப்போது எல்லாருக்கும் அவர் அண்ணன்தான், ஏரம்பண்ணை.

3

கிணறு வெட்டும் யோசனை மீராசாகிபுவுடையது. மீராசாகிபுவின் வயல் வாய்க்காலின் கடைசி மடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. ஏரம்புவோடு தினமும் குளிக்கிறவர், அவருடைய முதுகைத் தேய்த்துவிடுகிற அளவுக்குச் சிநேகிதர்.

நடந்தது இதுதான். ஒருநாள் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்திலிருந்து, ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து தலைவரைக் கேட்டார். தலைவர் வாய்க்காலிலிருந்து இடுப்பில் கட்டிய நனைந்த சாரத்தோடு ஏறி வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று பதில் சொன்னார். அதிகாரிக்கோ ஏரம்புவுக்கோ அது பெரிதாகப் படவில்லை. ஊருக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

"எங்கட தலைவர் துரைக்கு முன்னாலை ஈரச் சாரத்தோடை நிக்கிறதோ? அவருக்கெண்டு வளவுக்குள்ளை ஒரு கிணறு வேணும்" என்றார் மீராசாகிபு.

முறை வைத்து வெட்டினார்கள். கிணற்றடிக்குச் சீமெந்து பூசினார்கள். ஏரம்புவின் மனைவி நேசமலர் மட்டும், குடிக்கத் தண்ணீர் அள்ளக் கிணறு நல்லதுதான், குளிப்பு முழுக்கெல்லாம் பழையபடி வாய்க்காலிலேயே இருக்கட்டும் என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வாளியை மீராசாகிபுவே அள்ளிச் சிநேகிதனின் தலையில் ஊற்றினார். எல்லாரும் சிரித்தார்கள். ஏரம்புவுக்குக் கண் கலங்கிவிட்டது.

[அடிக்குறிப்பு: இந்த இடத்தில் கிணற்றுத் தவளையைப் பற்றிய பழமொழியை எழுதாமல் விட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செயலாளர் கேட்டால் மலரில் சேர்த்துக்கொள்ளலாம்.]

இனி வாய்க்காலுக்குப் போகமாட்டேன் என்று ஏரம்பு ஒருநாளும் தீர்மானிக்கவில்லை. இன்றைக்குக் கச்சேரிக்குப் போகவேண்டும், கிணற்றடியிலேயே இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு போவோம் என்றார். மறுநாளும் அப்படித்தான். பாலம் வேண்டும், பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேண்டும், பஸ் வேண்டும் என்று ஊருக்காகத்தான் அலைந்தார். விடியமுன் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார்.

அவரைக் காண வேண்டியவர்கள் இப்போது வீட்டுக்குப் போக வேண்டும். தலைவர் வீட்டுக்கு வெறும் மேலோடு போகலாமா? சட்டை போட வேண்டும். வெறுங்கையோடு போகலாமா? ஒரு சீப்பு வாழைப்பழம் வேண்டும். போனால் உட்காரக் கதிரை போடுவார்கள், நேசமலர் தேத்தண்ணி தருவாள். வாழைப்பழத்தைக் கொடுத்துத் தேத்தண்ணியையும் குடித்தவன் அதற்குப் பிறகு எந்த வாயால் முறைப்பாடு சொல்வான்? 'எல்லாம் எப்பிடி' என்று தலைவர் கேட்பார். 'ஒரு குறையுமில்லை' என்று சொல்லிவிட்டு எழும்பி வருவார்கள். அந்தக் கதிரையில்தான், யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது, ஏரம்பண்ணை 'தலைவர்' ஆனார். மீராசாகிபுவும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்.

ஏரம்பு இவர்களை நம்பினார். முதிரையடிக்குளத்தில் ஒரு குறையுமில்லை என்று கச்சேரியில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

4

தை மாதம், மாரி மழையில் விதைக்கும் பெரும்போகத்துக்குக் கடைசித் தண்ணீரை விட்டுத் துருசைப் பூட்டினார்கள். பூட்டியதாக நினைத்தார்கள். மாரி வெள்ளத்தில் அடிபட்டு வந்த ஒரு மரத்துண்டு இரும்புக் கதவின் கீழே செருகிக்கொண்டதால் கதவு முழுதாக இறங்கவில்லை. இடைவெளியால் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. வாய்க்கால் நீளத்துக்கும் ஓடி, அறுவடை முடிந்த வயல்களைத் தாண்டி, காட்டாற்றில் விழுந்தது.

இதை ஏன் ஒருவரும் பெரிதுபடுத்தவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதவேண்டும். குளிக்கச் சுகமாக இருந்தது. மற்ற வருடங்களில் மாசி, பங்குனியில் வாய்க்கால் வறண்டுவிடும். குளக்கட்டில் ஏறி இறங்கி, சேற்றில் கால் புதைய நடந்து, குளத்துக்குள் போய்க் குளிக்க வேண்டும். இந்த வருடம் தண்ணீர் காலடிக்கே வந்தது. நாகேஸ்வரி என்ற விதவை, இவளுடைய காணியும் கடைசி மடைதான், வீட்டுச் சீலை துணியெல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து தோய்த்தாள். இப்படி ஒரு பங்குனியைத் தான் கண்டதேயில்லை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னாள்.

ஓடுவது அடுத்த விதைப்பான சிறுபோகத்துக்குச் சேர்த்த தண்ணீர் என்று அவர்களுக்குத் தெரியாதா? கமக்காரருக்கு அதைப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? எல்லாருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். கச்சேரிவரை போய் வருகிறவருக்குக் காலடியில் நடப்பது தெரியாமல் இருக்குமா என்றார்கள். நேசமலரும் அப்படித்தான் நினைத்தாள்.

அந்தக் குடியேற்றத்தில் இது தெரியாத ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு யாரும் போய்ச் சொல்லியிருக்கத் தேவையில்லை. பங்குனியில் ஒரே ஒரு நாள் துவாயோடு துருசடிக்கு வந்திருந்தால் போதும்.

(வன்னியிலிருந்து வாசிப்பவர் இங்கே என்னை மறிப்பார்: குளத்துக்குக் கீழே இருக்கிற மனிதன் குளத்தைக் காணாமலா இருந்தான்? கண்டார் ஐயா. பெருந்தெருவில் பஸ் ஏறிப் போகும்போது தூரத்தில் கண்டார். வெயில் காலத்தில் குளம் வற்றுவது ஒரு புதினமா? வெயில் என்று நினைத்தார். இந்தப் பதில் போதாது என்றால் எனக்கும் வேறு பதில் இல்லை.)

5

சித்திரை பிறந்து சிறுபோகக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் கூடியது. ஒரே ஒரு கேள்விதான். எவ்வளவு விதைப்பது?

அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. தண்ணீர் குறைவென்றால் குளத்தை ஒட்டிய தலைமடை வயல்களில் மட்டும் விதைப்பார்கள். அந்த வயல்கள் யாருடையவையாக இருந்தாலும் அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லாக் குடும்பங்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். தண்ணீர் நிறைய இருந்தால் அவரவர் தங்கள் காணியில் விதைப்பார்கள்.

மாரி முடிந்த கையோடு நீர்ப்பாசன ஓவசியர் குளத்தின் மட்டத்தை அளந்து சொல்லியிருந்தார். அப்போது நல்ல மட்டம். அதை வைத்துக்கொண்டு ஏரம்பு எழுந்து, இம்முறை பங்கு தேவையில்லை, தலைமடையிலிருந்து கடைசி மடைவரை எல்லாரும் விதைக்கலாம் என்று அறிவித்தார்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் எழும்பவேண்டும் என்று எழுத்தாளனாக எனக்கு மிகுந்த ஆசை. மீராசாகிபுவை எழுப்பினேன். அவர் பாதி எழும்பினார், சால்வையைச் சரிசெய்தார், பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டார். தலைவர் இவ்வளவு துணிந்து சொல்கிறார் என்றால் துருசைத் திருத்த எங்கேயோ ஒழுங்கு செய்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று அவருக்குப் பட்டது. ஊர் முழுவதற்கும் அப்படித்தான் பட்டது. அவருக்குத் தெரியாததை, அவருக்குத் தங்களைவிட அதிகம் தெரியும் என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஏரம்புவோ அமைதியாக இருந்த முகங்களைப் பார்த்தார். துருசடியில் இப்படி ஒன்று சொல்லியிருந்தால் ஆளாளுக்குக் கத்தியிருப்பார்கள். இங்கே ஒரு மறுப்பும் இல்லை. ஊர் தன்னோடு இவ்வளவு ஒத்துப்போகிறதே என்று மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போனார். அவர் மேல் எனக்கு உண்மையான இரக்கம் வந்தது இங்கேதான்.

6

விதைத்தார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போய் வந்தபோது பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. கடைசி மடையில் மீராசாகிபுவின் பயிர் எல்லாவற்றிலும் செழிப்பு.

ஆனி பிறந்து சில நாளில் ஏரம்பு குளிக்கப் போய் வாளியை இறக்கினார். வாளியில் சேறு வந்தது. கிணற்றை ஆழமாக்க ஆள் பிடிக்கவேண்டும் என்று அலுத்துக்கொண்டார்.

நேசமலர் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "கிணத்துக்குத் தண்ணி எங்கையிருந்து வாறது? குளத்துக் கசிவிலைதானே. முதல்லை குளத்தைப் போய்ப் பாருங்கோ."

'ஏரம்பு குளக்கட்டில் ஏறினார். அவர் கண்ட காட்சி அவர் நெஞ்சை—'

வேண்டாம். குளம் கிடந்த நிலையை நேரே சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு தேக்கம் தண்ணீர் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெடித்த சேறு. அதில் கொக்குகள் நின்றன. துருசின் கீழே வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு யாருடைய வயலுக்கும் முறையில்லை.

குளக்கட்டில் மீராசாகிபு நின்றார். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்ப துவக்கம் ஒழுகுது?" என்று ஏரம்பு கேட்டார்.

"தையிலை துவங்கினது, தலைவர்."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

மீராசாகிபு அவர் முகத்தைப் பார்த்தார். விளையாடுகிறாரோ என்று முதலில் நினைத்தார். பிறகு விளங்கியது. "உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நாங்கள் இருந்தனாங்கள்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "கூட்டத்திலை நீங்கள் விதைக்கச் சொன்னியள். அதாலைதான் நானும் விதைச்சனான்."

ஏரம்பு கட்டிலிருந்து இறங்கித் துருசை நோக்கி நடந்தார். பதில் ஏதாவது எழுதிக் கொடுக்கலாம் என்று நானும் பார்த்தேன். ஒன்றும் அவர் வாய்க்குப் பொருந்தவில்லை.

7

அன்றைக்கே ஆட்கள் முக்குளித்து மரத்துண்டை இழுத்தார்கள். கதவு இறங்கியது. எஞ்சிய தண்ணீர் பாதிப் பயிருக்குத்தான் காணும். மற்றப் பாதி காயும். எந்தப் பாதி என்று தலைவர் சொல்லவேண்டும்.

இனி முடிவுகள். கைவசம் மூன்று இருந்தன.

முதலாவது, மழை. ஆனியில் வன்னியில் மழை பெய்யவைத்தால் வாசகர் என்னைக் கல்லால் எறிவார்கள். விட்டுவிட்டேன்.

இரண்டாவது, ஊர் கூடி ஏரம்புவை நீக்கிவிட்டு வேறொருவரைத் தலைவராக்குவது. வாசிக்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் பயிருக்கு அதனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடைக்காது. புதுத் தலைவருக்கும் ஒரு கிணறு வெட்டுவார்கள்.

மூன்றாவதை மிகவும் விரும்பி எழுதினேன். ஏரம்புவின் வயல் தலைமடையில் இருக்கிறது. தண்ணீர் முதலில் பாய்வது அதற்குத்தான். அவர் விறாந்தையில் நெடுநேரம் தனியே இருந்து யோசித்து, தன் வயலைக் காயவிட்டு அந்தத் தண்ணீரைக் கடைசி மடைக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கிறார். பிழை செய்தவன் தான் முதலில் இழக்கவேண்டும் என்று நினைக்கிறார். ஊர் கையெடுத்துக் கும்பிடுகிறது. முற்றும். செயலாளர் கண்ணீர் விட்டிருப்பார்.

எழுதி முடித்து எழும்பிப் போனவன், திரும்பி வந்து வாசித்தபோது விறாந்தையில் நேசமலரும் நிற்கவேண்டுமே என்று தோன்றியது. அவள் வீடு அது. அவளும் நட்ட வயல் அது. நிற்கவைத்தேன். பாத்திரம் தானாக எழும்பிப் பேசியது என்று கதைவிடுகிற ஆள் நானல்ல. வசனத்தை நான்தான் எழுதினேன். எழுதியபிறகு அந்த முடிவு அங்கேயே செத்துவிட்டது.

"வயலைக் காயவிடுறதெண்டு முடிவெடுத்தது நல்லதாயிருக்கலாம்" என்றாள் நேசமலர். "ஆனால் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டியளோ? பக்கத்துத் தலைமடைக்காரரிட்டைக் கேட்டியளோ? விதைக்கச் சொன்னதும் நீங்கள் தனிய. காயவிடச் சொல்லுறதும் நீங்கள் தனிய."

ஏரம்பு கோபப்பட்டார். ஊருக்காகத்தானே இழக்கிறேன் என்றார். ஊருக்கு அது தெரியுமோ என்று அவள் கேட்டாள். கடைசி மடை வரைக்கும் தண்ணீர் போய்ச் சேருமுன் பாதியை வாய்க்கால் மண்ணே குடித்துவிடும். தலைமடையில் உள்ளதைக் காப்பாற்றி, விளைந்ததைப் பழைய வழக்கப்படி எல்லாருக்கும் பங்கு வைத்தால் என்ன? பயிர் நிற்கிறபோது பங்கு வைத்த வழக்கம் இல்லைத்தான். தலைமடைக்காரர் சம்மதிப்பார்களோ, கடைசி மடைக்காரர் தங்கள் பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களோ, தனக்குத் தெரியாது என்றாள். அவருக்கும் தெரியாது. இந்த விறாந்தையில் இருந்துகொண்டு அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

8

மறுநாள் விடிய ஏரம்பு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு துருசடிக்குப் போனார்.

அன்றைக்கு முறைத் தண்ணீர் விட்டிருந்தார்கள். வாய்க்காலில் முழங்காலளவு ஓடியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். ஒருவர் கரையேறினார். அவரைப் பார்த்து மற்றவரும் ஏறினார். சவுக்காரம் போட்ட உடம்போடு மீராசாகிபுவும் ஏறினார். யாருக்கும் கோபமில்லை. தலைவர் குளித்துவிட்டுப் போகட்டும் என்ற மரியாதைதான்.

ஏரம்பு வாய்க்காலின் நடுவில் தனியாக நின்றார். கிணற்றடியில் இத்தனை நாள் குளித்தபோது தெரியாத தனிமை, இத்தனை பேர் சூழ நின்றபோது தெரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"தண்ணி பாதிப் பயிருக்குத்தான் காணும்" என்றார். "எந்தப் பாதி எண்டு எனக்குத் தெரியேல்லை. நான் தனியச் சொன்னால் இன்னொருக்கால் பிழைச்சுப் போகும். இறங்குங்கோ, கதைப்பம்."

ஒருவரும் அசையவில்லை.

மீராசாகிபுவை இறக்கிவிடுவது எனக்கு ஒரு வரி வேலை. 'ஏரம்பண்ணை' என்று கூப்பிட வைப்பதற்கு இன்னொரு வரி. அதைச் செய்யமாட்டேன். தொடக்கத்திலிருந்து இந்த மனிதர்களை எழுப்பவும் இருத்தவும் யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்காமல் செய்தவன் கடைசியில் எப்படி நிற்பான் என்பதை எழுதிவிட்டு, மறுபடி அதையே செய்ய மனம் வரவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். கதவின் கீழே மரத்துண்டு செருகியிருப்பது நாலாம் பகுதியிலேயே உங்களுக்குத் தெரியும். கூட்டம் நடந்தபோது உங்களுக்குத் தெரியும். வற்றாப்பளைக்குப் போய் வந்தபோதும் தெரியும். யாராவது அவருக்குச் சொல்லுவார்கள் என்று நீங்களும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டுதான் வந்தீர்கள்.

ஆகவே அந்தக் கரையில் நீங்களும் நிற்கிறீர்கள். அவர் உங்களைத்தான் பார்க்கிறார். தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.